கடைசிப் பந்திக்காரருக்குக் கப்பல்ல விருந்து

எனக்குப் பேத்தி பொறந்திருக்கா. பேரு சௌபர்ணிகா. அவளப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிப்பாட்ட மாட்டேங்கிறேன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாக. அதனால அவள அப்புறமா வச்சுக்கிறேன். இப்பச் சொல்லப்போறது அவளோட இன்னொரு தாத்தாவப் பத்தி. நான் அவளுக்கு அய்யா, அவரு தாத்தா. என் சம்பந்தி, பேரு சேவுகப்பெருமாள்.

என் பேரு பெத்தன். காரைக்குடியில குட்டியானை ஓட்டுறேன். சின்ன லோடு வண்டிக்கு எங்க பக்கம் அதுதான் பேரு. கல்யாண வீடுகளுக்கு அண்டா, அடுப்பு, நாற்காலி, மேசை எல்லாம் ஏத்தி எறக்குறது பொழப்பு. சம்பந்திய எனக்கு அந்த வழியிலதான் பழக்கம். சம்பந்தி ஆகுறதுக்கு இருவது வருசம் முந்தியே ஒரே கல்யாணத்துக்கு அவரும் போவாரு, என் வண்டியும் போகும்.

அவருக்கு அமராவதிபுதூரு. என்ன வேலை பாக்குறாருன்னு வெளியூர்க்காரக கேட்டா வெளங்க வைக்கிறது கொஞ்சம் கஷ்டம். சமையக்காரரு இல்ல. பரிமாறவும் மாட்டாரு. பந்தி விசாரிப்பாரு. செட்டியார் வீட்டுக் கல்யாணம்னா ஆயிரம் பேரு சாப்பிடுவாக. வீட்டுக்காரக ஒவ்வொரு இலைக்கும் போயி நின்னு கேக்க முடியுமா? அவுகளுக்குப் பதிலா இவரு வரிசை வரிசையா நடப்பாரு. யாருக்கு எது வரல, யாருக்கு எது பிடிக்கல, யாரு கூச்சப்பட்டுக்கிட்டு வெறும் இலைக்கு முன்னால உக்காந்திருக்காகன்னு பாத்து, பரிமாறுற ஆளுகளுக்குக் கண்ணக் காட்டுவாரு. அம்புட்டுத்தான் வேலை. ஆனா அந்த வேலைக்கு அவரத் தேடி எங்கெங்கருந்தோ வருவாக. இளையாத்தங்குடியில ஒரு வீட்டுல இவருக்குத் தேதி ஒழியலைன்னு கல்யாணச் சாப்பாட்டு நேரத்தையே மாத்தி வச்சாக.

அவரு பாக்குற பார்வை எனக்கு இன்னும் பிடிபடாது. ஒருதரம் ஒரு பெரிய மனுசரு இலையில எல்லாத்தையும் மிச்சம் வச்சுட்டு மூடப்போனாரு. சம்பந்தி ஓடிப்போயி, அந்த இலையில இருந்த வடை அப்பளத்தையெல்லாம் ஓரமா ஒதுக்கச் சொல்லி, கும்மாயம் ரெண்டு கரண்டி வைக்கச் சொன்னாரு. கும்மாயம்னா உளுந்துல பண்ற இனிப்பு, அதுக்குப் பல்லே வேணாம். அந்த மனுசரு மூணு தரம் வாங்கித் தின்னாரு. எப்பிடிய்யா தெரிஞ்சுச்சுன்னு அப்புறம் கேட்டேன். இடது பக்கமாவே மென்னுக்கிட்டு இருந்தாரு, வலது பக்கம் பல்லு நோவுன்னு சொன்னாரு. எனக்கு அந்த ஆளுக்கு மீசை இருந்துச்சாங்கிறதே ஞாபகம் இல்ல.

இன்னொண்ணு சொல்லணும். பந்தி விசாரிக்கிறவரு முன்னால சாப்பிட மாட்டாரு. கடைசிப் பந்தி எந்திரிச்சு, பாத்திரம் கழுவுற பொம்பளைகளும் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் அவருக்கு. அதுக்குள்ள பாயாசம் தீந்திருக்கும், வறுவல் தீந்திருக்கும். ரசத்தையும் மோரையும் ஊத்தி, ஒரு தூணுல சாஞ்சு நின்னுக்கிட்டே அஞ்சு நிமிசத்துல முடிச்சுருவாரு. அவரு மகள் கீர்த்திய என் மகன் கார்த்திகேயனுக்குக் கட்டுனோம்ல, அந்தக் கல்யாணத்துலகூட அப்பிடித்தான். பொண்ணப் பெத்தவரு முதல் பந்தியில உக்காரணும்னு நான் கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். உக்காந்தாரு. இலை போட்டாச்சு, சோறு விழுந்தாச்சு, கை மட்டும் மடியிலயே இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல தண்ணி வரலைன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனவருதான், சாயந்தரம் நாலு மணிக்கு ரசஞ்சோத்தோட பாத்தேன். மரியாதைக்குப் பண்றாருன்னு அப்ப நெனச்சேன்.

கார்த்தி கேட்டரிங் படிச்சுட்டு உல்லாசக் கப்பல்ல வெயிட்டர் வேலைக்குப் போனான். ஒன்பது மாசம் கடல்ல இருக்கணும், ரெண்டு மாசம் வீட்டுக்கு வரலாம். திரும்பவும் ஒன்பது மாசம். கீர்த்தி வயித்துல அஞ்சு மாசமா இருக்கும்போது கெளம்பிப் போனான். பிள்ளை பொறந்தத போனுலதான் பாத்தான். கப்பல்ல வைஃபை ஒழுங்கா வராது. படம் அப்பிடியே நின்னுபோகும். ஒருநாள் பிள்ளை சிரிக்கிறத காட்டுனோம், அங்க போயி சேர்றதுக்குள்ள அழுக ஆரம்பிச்சிருச்சு. உடனே வேலை இருக்குன்னு போன வச்சுட்டான். ஆனா எனக்குத் தெரியும்ல.

கப்பல்ல மேல்தளத்துல ஒரு தனி விருந்துக்கூடம் இருக்கு. முப்பது பேருக்குத்தான் எடம். அங்க தலைமை வெயிட்டர் வேலைக்கு இவன வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாக. மூணு மாசம் சோதனை. வேலை நெரந்தரமாயிட்டா ஆறு மாசம் கப்பல், மூணு மாசம் வீடு. இல்லைன்னா பழையபடி ஒன்பது மாசம். சோதனை முடியிற வாரம் கப்பல் சென்னையிலருந்து கெளம்புச்சு. வேலைபாக்குற ஆளுகளோட பெத்தவுகள சலுகையில ஏத்திக்கிறாகன்னு கார்த்தி எழுதிக் குடுத்து ரெண்டு பேருக்கு எடம் வாங்கிட்டான். ஆறு மாசம் ஆகாத பிள்ளைய ஏத்த மாட்டாகளாம். பிள்ளைய விட்டுட்டு எங்க வீட்டுக்காரி அன்னக்கிளியும் வர மாட்டேன்னுட்டா, சம்பந்தியம்மாவும் வர மாட்டேன்னுட்டாக. அப்ப யாரு போறது? நாங்க ரெண்டு பேரும்தான். மூணு மாசப் பிள்ளைய விட்டுட்டுக் கெழவனுக ரெண்டு பேரும் கப்பல்ல சுத்தப் போறாகளாம்னு அன்னக்கிளி தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டா.

கப்பல் எவ்வளவு பெருசுன்னு நான் சொல்லப்போறதில்ல. எங்க மூணாவது மாடி ரூமுக்கு நானா திரும்பிவர ஒரு நாள் புடிச்சுச்சு, அத மட்டும் சொல்றேன். மொத நாள் காலையில டிபனுக்குப் போனோம். அவங்கவங்க தட்ட எடுத்து அவங்கவங்களே போட்டுக்கணும். நான் போட்டுக்கிட்டு உக்காந்தேன். சம்பந்தியக் காணோம். எங்கடான்னு பாத்தா, அங்குட்டு ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்கிட்டப் போயி நின்னு, இட்லி இன்னும் ரெண்டு வைக்கவான்னு சைகையில கேட்டுக்கிட்டு இருக்காரு. வெள்ளை வேட்டி சட்டையப் பாத்து அவுக கப்பல் ஆளுன்னு நெனச்சுத் தண்ணி கேட்டாக. இவரு போயி எடுத்துட்டு வந்தும் குடுத்துட்டாரு. அந்தக் குடும்பத்துச் சின்னப்புள்ளைக்கு ஜாமு வேணும்னு வேற கண்டுபிடிச்சுட்டாரு.

அது கார்த்தி காதுக்குப் போயிருச்சு. மத்தியானம் ரூமுக்கு வந்தான். அன்னிக்கி ராத்திரிச் சாப்பாடு அந்த மேல்தள விருந்து. ஏழு வகை. மாசத்துல ஒருதரம்தான் அப்பிடி வைப்பாகளாம். ஒரு மூலை மேசையில எங்களுக்கு ரெண்டு நாற்காலி வாங்கியிருந்தான். கோட்டுப் போடணும்னு சட்டம், ஆனா வேட்டி சட்டை நம்ம உடுப்புன்னு சொல்லி அதுக்கும் அனுமதி வாங்கிட்டான். மேனேஜரம்மா அங்கதான் நின்னு பாப்பாகளாம். அன்னிக்கி ராத்திரிய வச்சுத்தான் முடிவு பண்ணுவாகளாம். இதையெல்லாம் சொல்லிட்டு, மாமனாரு முன்னால முட்டிபோட்டு உக்காந்து அவரு ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டான். கட்டிக்கிட்டே சொன்னான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மேசை மேசையாப் போயி விசாரிக்கக் கூடாது. எந்திரிக்கவே கூடாது. உக்காந்து நல்லாச் சாப்பிடுங்க, அது போதும்."

"எந்திரிக்க மாட்டேன் மாப்பிள்ளை"ன்னாரு சம்பந்தி. அவரு சொன்னாச் சொன்னதுதான்.

கார்த்தி என்னையத் தனியாக் கூப்பிட்டு, எந்திரிச்சா வேட்டியப் புடிச்சு இழுங்கப்பான்னு சொல்லிட்டுப் போனான்.

ஆறு மணிக்குப் போனோம். எட்டே எட்டு மேசை. ஒரு பக்கம் பூரா கண்ணாடி, அந்தப் பக்கம் கடல். இருட்டுறதுக்கு முன்னால இருக்கிற வெளிச்சத்துல தண்ணி வெங்கலச் சட்டி மாதிரி மின்னுச்சு. எல்லாரும் மெல்லமாப் பேசிக்கிட்டாக. அங்க கறுப்புக் கோட்டுப் போட்டு, முதுகு நிமித்தி ஒருத்தன் நடந்து வந்தான். யாரோன்னு பாத்தேன், என் மகன். வீட்டுல அவன் அப்பிடி நிமிந்து நடந்து நான் பாத்ததே இல்ல.

அங்க ஒண்ணொண்ணாத்தான் வரும். ஒண்ணு முடிஞ்சு தட்ட எடுத்தாத்தான் அடுத்தது. தட்டு தாம்பாளம் அளவு, நடுவுல இருக்கிறது எலுமிச்சங்காய் அளவு. மொதல்ல கூடையில ரொட்டியும் வெண்ணெயும் வச்சாக. அப்புறம் பீட்ரூட்டுல ஏதோ பண்ணியிருந்தாக, ரெண்டு வாயில முடிச்சேன். நல்லாருந்துச்சு. சம்பந்தி தட்டு அப்பிடியே இருந்துச்சு. சாப்பிடுங்கன்னேன். ஆகட்டும்னாரு. கொஞ்ச நேரத்துல ஒரு வெயிட்டர் வந்து ரெண்டு தட்டையும் எடுத்துட்டுப் போயிட்டாரு. என் தட்டு காலி, அவரு தட்டு முழுசு.

அடுத்தது சூப்பு. காளான் சூப்பு, மேல ஆவி பறக்குது. நான் ஒரு பக்கமா உறிஞ்சிட்டு நிமிந்து பாத்தா, சம்பந்தி ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, நெட்டுக்குத்தா உக்காந்திருக்காரு. அந்தச் சூப்பும் ஆறிப்போயித் திரும்பிருச்சு.

இப்பக் கார்த்தி வந்தான். மொகத்துல சிரிப்பு இருக்கு, நெத்தியில வேர்வை இருக்கு, அவ்வளவு ஏசியிலயும். மாமாவுக்குப் பிடிக்கலையான்னு கேட்டான். ரொம்ப நல்லாருக்குன்னு சம்பந்தி சொன்னாரு. வாயில வைக்காம எப்பிடி நல்லாருக்கும்னு நான் கேக்கல. மூணாவதா மீனு வந்துச்சு. வஞ்சிரத்த முள்ளெல்லாம் எடுத்து, மேல பச்சையா ஒரு கொழம்பு ஊத்தி, அழகுன்னா அழகு. அதுவும் முழுசாத் திரும்பிப்போச்சு. தட்டு உள்ள போனதும் மேனேஜரம்மாவே வெளிய வந்துட்டாக. கோவாக்காரம்மா, நல்ல ஒசரம், கையில சின்ன நோட்டு. எங்க மேசைக்கு வந்து இங்கிலீஷுல ஏதோ கேட்டாக. சாப்பாட்டுல ஏதும் கொறையான்னு கேக்குறதா கார்த்தி சொன்னான். சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிச்சாரு. அந்தம்மாவும் சிரிச்சுட்டு, நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டே போனாக.

கார்த்தி என் தண்ணிக் கிளாச நெரப்புற மாதிரிக் குனிஞ்சான்.

"அப்பா, ஒரே மேசையிலருந்து மூணு தட்டு அப்பிடியே திரும்பியிருக்கு. பரிமாறுறவன் சரியில்லைன்னுதான் எடுத்துக்குவாக. எப்பிடியாச்சும் அடுத்தத சாப்பிட வைங்க."

வருசத்துக்கு ஒன்பது மாசம் அந்தப் பிள்ளை அப்பன் மொகத்த போனுல பாக்கப்போகுதா, இல்ல நேருல பாக்கப்போகுதாங்கிறது இப்ப இந்த மனுசன் ஒரு வாயி திங்கிறதுல நிக்குது. திட்டிரலாமான்னு இருந்துச்சு. ஆனா வாழ்க்கையில ஒரு இலை முழுசாத் திரும்புனா தூக்கம் வராத ஆளு, தானே மூணு தட்டத் திருப்பி விடுறாருன்னா சும்மாவா இருக்கும்? கல்யாணத்தன்னிக்கி மடியில இருந்த அந்தக் கை எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அவரு மொகத்தப் பாக்குறத விட்டுட்டு, அவரு எங்க பாக்குறாருன்னு பாத்தேன். ஜன்னலோரமா மூணாவது மேசை.

"உக்காந்த எடத்துலருந்தே பந்தி விசாரிச்சுக்கிட்டு இருக்கீக, அப்பிடித்தான சம்பந்தி?"ன்னேன்.

திருடுனவரு மாதிரி முழிச்சாரு. "கை போக மாட்டேங்குது சம்பந்தி. அங்க ஒருத்தரு பசியோட உக்காந்திருக்காரு. அவரு சாப்பிடாம நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

அந்த மேசையில ஒரு பெரியவரு. நரைச்ச மீசை, கோட்டு, கழுத்துல டை. பட்டாளத்துல இருந்தவரு மாதிரி இருந்தாரு. பக்கத்துல மகளும் மருமகனும். சம்பந்தி மெதுவாச் சொல்ல ஆரம்பிச்சாரு. ரொட்டி வந்துச்சா, மூணு துண்டு உள்ள போயிருச்சு. அதனால பசி இருக்கு. பீட்ரூட்ட முள்ளுக்கரண்டியால அப்பிடி இப்பிடித் தள்ளிட்டு விட்டுட்டாரு. சூப்புல கரண்டியவே போடல. மீனையும் தள்ளி விளையாடிட்டு விட்டுட்டாரு. கையால எடுக்குறது மட்டும்தான் உள்ள போகுது. மகள் கேட்டதுக்கு வயிறு நெறஞ்சிருச்சுன்னு தட்டிக் காட்டுறாரு. வலது கை மேசைக்குக் கீழயே இருக்கு.

நானும் பாத்தேன். கொஞ்ச நேரங் கழிச்சு அந்தப் பெரியவரு தண்ணி குடிக்கிறதுக்குக் கைய வெளிய எடுத்தாரு. வெரலெல்லாம் நடுங்குச்சு. கிளாச ரெண்டு கையாலயும் புடிச்சு, யாராச்சும் பாக்குறாகளான்னு பாத்துக்கிட்டு, ஒரு மொடக்குக் குடிச்சுட்டு வச்சுட்டாரு.

கார்த்திக்குக் கையக் காட்டுனேன். வந்தான். சம்பந்தி சொன்னதையெல்லாம் கேட்டான். கேட்டுட்டு, விருந்தாளி வாயத் திறந்து கேக்காம அவரு கைய காலப் பத்தி நாம எதுவும் காட்டிக்கக் கூடாது, கப்பல்ல அதுதான் சட்டம், நான் எதாச்சும் செஞ்சு அவரு கோவிச்சுக்கிட்டா இன்னியோட போச்சுன்னான்.

"கேக்க மாட்டாரு மாப்பிள்ளை. கேக்குறவுகளுக்கு விசாரிக்க ஆளு எதுக்கு?"ன்னாரு சம்பந்தி. அப்புறம் அடுத்து வர்றது என்னன்னு கேட்டாரு.

அடுத்தது ஆட்டு நெஞ்செலும்புக் கறி. எலும்போட நிமித்தி வச்சுருப்பாக, கத்தியால அறுத்து முள்ளுக்கரண்டியால குத்தித் திங்கணும். கார்த்தி சொல்லச் சொல்ல சம்பந்தி மொகம் தெளிஞ்சுபோச்சு. எலும்பு நீட்டிக்கிட்டு இருக்கா, அப்ப அதச் சுத்தி ஒரு காகிதத்தச் சுத்திருங்க, கையால புடிச்சுக் கடிக்கட்டும்னாரு. கார்த்தி சரின்னு தலைய ஆட்டிட்டுத் திரும்புனான். சம்பந்தி அவன் கோட்டு நுனியப் புடிச்சுட்டாரு.

"அவருக்கு மட்டும் பண்ணீகன்னா எல்லாரும் அவரப் பாப்பாக. அதுக்குப் பட்டினியே கெடந்துரலாம். வச்சா முப்பது பேருக்கும் வைங்க."

கார்த்தி ஒரு நிமிசம் நின்னான். மேனேஜரம்மா அந்தக் கோடியில யாருக்கிட்டயோ பேசிக்கிட்டு இருந்தாக. அவுகளக் கேட்டா வேணாம்பாக, கேக்காமப் பண்ணுனா என்ன ஆகும்னு தெரியாது. அவன் மொகத்துல அது ரெண்டும் ஓடுறத நான் பாத்தேன். பெத்தவன்ல. என்னையக் கேட்டிருந்தா, வேணாம்டான்னுதான் சொல்லியிருப்பேன். அவன் சமையக்கட்டுக்குள்ள போயிட்டான். கதவு ஆடி நின்னுச்சு.

பத்து நிமிசம் யாருக்கும் எதுவும் வரல. எனக்கு அது பத்து மணி நேரம். உள்ள பெரிய சமையக்காரரு என்னைய வறுத்துட்டாருன்னு கார்த்தி அப்புறம் சொன்னான். வறுத்துட்டு அவரேதான் காகிதத்தையும் சுத்துனாராம்.

கதவு தெறந்துச்சு. தட்டு தட்டா வந்துச்சு. ஒவ்வொரு தட்டுலயும் மூணு எலும்புக் கறி, எலும்பு நுனியில வெள்ளைக் காகிதம் தலைப்பாகை கட்டுன மாதிரி. கூடவே கை கழுவச் சின்னக் கிண்ணத்துல வெந்நீரு. கார்த்தி ஒவ்வொரு மேசையா நின்னு, இன்னிக்கி இத எல்லாரும் கையாலதான் சாப்பிடணும், இது எங்க செஃப்போட ஆசைன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். மேனேஜரம்மா பேச்ச நிறுத்திட்டு அவனையே பாத்தாக. ஒரு மேசையில சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. நகையாப் போட்டிருந்த ஒரு அம்மாதான் மொதல்ல கத்தியக் கீழ வச்சுட்டு எலும்பப் புடிச்சாக. அவுகளப் பாத்து புருசன், புருசனப் பாத்து பக்கத்து மேசை. அதுவரைக்கும் கோயில் மாதிரி இருந்த எடம் சந்தை மாதிரி ஆயிருச்சு.

பெரியவரு மட்டும் கை வைக்கல. இடது பக்கம் பாத்தாரு, வலது பக்கம் பாத்தாரு. எல்லாரு கையிலயும் எலும்பு. மருமகன் மீசையில எல்லாம் கொழம்பு. மெதுவா வலது கை மேல வந்துச்சு. இடது கையும் வந்துச்சு. ரெண்டு கையாலயும் புடிச்சு, முழங்கைய மேசையில ஊனிக்கிட்டுக் கடிச்சாரு. நடுங்குனத யாரும் பாக்கல. அவங்கவங்க எலும்பே அவங்கவங்களுக்குப் பெரும்பாடா இருந்துச்சு. ஒண்ணு முடிஞ்சுச்சு. ரெண்டு முடிஞ்சுச்சு. மூணாவதையும் முடிச்சுட்டு மகள் தட்டப் பாத்தாரு. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே தன்னோடதுல ஒண்ண எடுத்து வச்சுச்சு.

சம்பந்தி ஒரு பெருமூச்சு விட்டாரு. மடியிலருந்து கைய எடுத்தாரு. தட்ட இழுத்து வச்சுக்கிட்டு, நாலு நிமிசத்துல மூணையும் முடிச்சு எலும்ப அடுக்கி வச்சாரு. ஆறியிருக்குமேன்னேன். எனக்கு ஆறித்தான் பழக்கம்னாரு.

அப்புறம் ஒரு பழவகை வந்துச்சு, பாலாடைக்கட்டி வந்துச்சு, கடைசியில இனிப்பு. அந்த இனிப்பு கரண்டியால வழிச்சுத் திங்கிறதுன்னு மத்தியானமே கார்த்தி சொல்லியிருந்தான். ஆனா வந்தப்ப, வட்ட பிஸ்கெட்டு மேல அதக் குவிச்சு வச்சு, கையில எடுத்துக் கடிக்கிற மாதிரி இருந்துச்சு. அத சம்பந்தி சொல்லிக் குடுக்கல. நானும் சொல்லல. சம்பந்தி அதப் பாத்துட்டு என்னையப் பாத்தாரு. மாப்பிள்ளைக்குப் பார்வை வந்துருச்சுன்னாரு.

பெரியவரு போறப்ப எங்க மேசையத் தாண்டித்தான் போனாரு. எங்களத் திரும்பிக்கூடப் பாக்கல. சம்பந்திக்கு அதுலதான் ரொம்பச் சந்தோசம்.

எல்லாரும் போனப்புறம் மேனேஜரம்மா கார்த்தியக் கதவுக்கு வெளிய கூப்பிட்டு நிப்பாட்டுனாக. கதவுக் கண்ணாடி வழியாத் தெரிஞ்சுச்சு, சத்தம் கேக்கல. அந்தம்மா வெரல் ரெண்டு மூணு தரம் மேல கீழ போச்சு. இவன் கைய பின்னால கட்டிக்கிட்டுத் தலையத் தலைய ஆட்டுறான். என்னால மாப்பிள்ளைக்குக் கெட்டபேரு வந்துருச்சோன்னு சம்பந்தி கேட்டாரு. அப்புறம் இவன் என்னமோ சொன்னான், கைய எங்க பக்கம் காட்டுனான். அந்தம்மா திரும்பி சம்பந்தியப் பாத்தாக. நேரா எங்க மேசைக்கு வந்தாக. பேசுனாக. கார்த்தி சொன்னான், என்னையக் கேக்காம மெனுவ மாத்துனது இதுதான் மொதலும் கடைசியுமா இருக்கணும்னு சொன்னாகளாம். அது அவனுக்கு. சம்பந்திக்குச் சொன்னது வேற. இனிமே யாராச்சும் தட்ட முழுசாத் திருப்பி அனுப்புனா, சாப்பாட்டப் பாக்குறதுக்கு முன்னால அனுப்புனவுக எங்க பாக்குறாகன்னு அந்தம்மா பாப்பாகளாம்.

சம்பந்தி திரும்பவும் கையெடுத்துக் கும்பிட்டாரு. அப்பவும் எந்திரிக்கல. எந்திரிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தாருல்ல.

மேசையெல்லாம் தொடைச்சுட்டாக. கெளம்பலாம்னு நான் பாத்தா, கார்த்தி உள்ள போயி ஒரு தட்டோட வந்தான். காளான் சூப்பு, சூடா. பக்கத்துல மீனு. சமையக்காரரு திரும்பச் செஞ்சு குடுத்துருக்காரு. சம்பந்தி முன்னால வச்சுட்டு, கோட்டுப் பொத்தானப் போட்டுக்கிட்டு, பக்கத்துலயே நின்னான். சம்பந்தி சூப்பக் குடிச்சாரு, மீனத் தின்னாரு. பாதியில கார்த்தி குனிஞ்சு, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா மாமான்னு கேட்டான்.

சம்பந்தி கரண்டியக் கீழ வச்சுட்டாரு.

"என்னைய யாரும் இப்பிடிக் கேட்டதில்ல மாப்பிள்ளை"ன்னாரு. அப்புறம், "வைங்க"ன்னாரு.

மறுநாள் கப்பல் சென்னைக்குத் திரும்புறதுக்கு முன்னாலயே கார்த்திக்கு வேலை நெரந்தரம்னு கடுதாசி குடுத்துட்டாக. இந்த எலும்புக் கறிக்காகக் குடுத்தாகளா, இல்ல முன்னாலயே முடிவு பண்ணி வச்சிருந்தாகளா, எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல. ஆறு மாசம் கப்பல், மூணு மாசம் வீடு. அத மட்டும் பத்து தரம் சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

அந்த ஒன்பது மாசம் முடிஞ்சு அவன் வீட்டுக்கு வந்தப்ப குட்டிக்கு அஞ்சு மாசம். மொத நாள் அவனப் பாத்து அழுதா. மூணாம் நாள் அவன் மூக்க விட மாட்டேன்னுட்டா. ஆறாம் மாசம் திருக்கோஷ்டியூர் பெருமாள் கோயில்ல சோறு ஊட்டுனோம். அப்பன் மடியில உக்கார வச்சு, பருப்புஞ்சோத்த நெய் விட்டுக் கொழைச்சு, ஆளுக்கு ஒரு வாயி. நான் ஊட்டுனப்ப என் வெரலச் சேத்துக் கடிச்சா. பல்லு ஒண்ணு வந்திருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு, அதையும் மொதல்ல கண்டுபிடிச்சது நான்தான். அன்னக்கிளி ஊட்டுனா, சம்பந்தியம்மா ஊட்டுனாக, கீர்த்தி இன்னொரு வாயிக்குக் கையக் கொண்டு போச்சு. எதுக்க குத்தவச்சு உக்காந்து பிள்ளை மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்த சம்பந்தி, போதும்மா, அவளுக்கு நெறஞ்சிருச்சுன்னாரு. மூணே மூணு வாயிதானப்பா ஆச்சுன்னு கீர்த்தி சொல்றதுக்குள்ள பிள்ளை மொகத்தத் திருப்பிக்கிட்டு அப்பன் சட்டையில வாயத் தொடைச்சுட்டா.

சொந்தக்காரக அம்பது பேருக்குப் பக்கத்து மண்டபத்துல சாப்பாடு. என் வண்டியிலதான் பாத்திரமெல்லாம் வந்துச்சு. சம்பந்தி துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வரிசைப் பக்கம் கெளம்புனாரு. கார்த்தி வழிய மறிச்சு, தோளப் புடிச்சுக் கூட்டிவந்து, மொதப் பந்தியில என் பக்கத்துல உக்கார வச்சான். பந்திய நான் பாத்துக்கிறேன் மாமான்னான்.

இலை போட்டாக. சோறு விழுந்துச்சு. நான் என் இலையப் பாக்காம அவரு கையத்தான் பாத்தேன். மடியில கொஞ்ச நேரம் இருந்துச்சு. கார்த்தி அந்தக் கோடியிலருந்து ஒவ்வொரு இலையாக் குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டு வந்தான். ஒரு கெழவிக்கு அப்பளத்த நொறுக்கிப் போடச் சொன்னான். அதப் பாத்துட்டு சம்பந்தி கை இலைக்கு வந்துச்சு. சாம்பார ஊத்திப் பெசஞ்சு மொத வாயி வச்சாரு. நல்ல சூடா இருந்திருக்கும்போல, ஊதிக்கிட்டே தின்னாரு.

என்ன, ரெண்டு வாயிக்கு ஒருதரம் கழுத்த நீட்டி வரிசையப் பாத்துக்கிட்டாரு. அத விட மாட்டாரு.